எல் போர்டு நம்பிக்கை

"கண்ண மூடாதீங்க சார். வேண்டுறதுக்கு நான் இருக்கேன், நீங்க ரோட்டப் பாருங்க."

சாவியைத் திருகுவதற்கு முன் டிரைவிங் அக்கா கடவுளோடு பேசிவிடுவார். சத்தமாகவே பேசுவார். சைக்கிளில் போகிறவர்கள், போனைப் பார்த்தபடி தெருவைக் கடக்கிறவர்கள், முனையில் படுத்திருக்கும் நாய், என் கிளட்ச் கால் என்று எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகுதான் "ம், எடுங்க" என்பார். நாற்பது வயதில் கார் பழக வந்த எனக்கு அது தேவைதான். நான் வண்டியை எடுத்தால் நாயே எழுந்து போய்விடுகிறது.

கணவரும் அக்காவும் அக்காவின் தம்பியுமாக நடத்திய டிரைவிங் ஸ்கூல் இது. ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த கணவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அக்கா வீட்டுக்குள் சுருண்டு கிடந்த நாட்களில், அக்காவிடமே ஓட்டக் கற்ற தம்பி, "அக்கா இனிமே வரமாட்டாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, இரண்டு நல்ல வண்டிகளையும் கொண்டுபோய் அடுத்த தெருவில் போர்டு மாட்டிவிட்டான். அக்காவுக்கு மிஞ்சியது ஜன்னல் இறங்காத இந்தக் கிழட்டு வண்டி.

"கடவுளுக்குக் கண்ணே இல்லையாக்கா?" என்று ஒருநாள் வாயை விட்டேன்.

"அவருக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியல. ரெண்டாவது கியர் போடுங்க."

ஓட்டிக்கொண்டே அழக்கூடாது என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். "ஓரமா நிறுத்துங்க சார்" என்பார். நிறுத்துவேன். கணவரை நினைத்து வஞ்சனையில்லாமல் அழுவார், மூக்கைச் சிந்துவார். "இந்த நேரத்த உங்க கிளாஸ்ல கழிக்கமாட்டேன்" என்று எனக்கு உறுதி தருவார். "கடவுள் நல்லவரு சார். அத மட்டும் நான் விடறதா இல்ல."

ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்கு இடிக்கிறது. "ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் வேண்டுறேன். தம்பிக்குன்னு வரும்போது வார்த்தையே வரமாட்டேங்குது. அது வர்ற வரைக்கும் என் நம்பிக்கை எல் போர்டுதான்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பதில்லை.

போன வாரம் நாற்சந்தியில் ஒரே ஹாரன் சத்தம். நட்டநடுவில் தம்பியின் வண்டி, அதாவது கணவர் ஓட்டிய அதே வண்டி, நின்றுபோயிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பழக வந்த பெண் அழாக்குறையாக உட்கார்ந்திருந்தாள். தம்பி பானெட்டைத் திறந்து, முழங்கை வரை கரியோடு எதையோ குடைந்துகொண்டிருந்தான். நன்றாக வேண்டும் என்று எனக்குக் குளுகுளுவென்றிருந்தது.

அக்கா அண்ணாந்து, "இதுக்கா என்னை இந்த வழியா வரவச்சீங்க?" என்று கடவுளைக் கேட்டார். பிறகு என்னிடம், "ஓரமா நிறுத்துங்க சார்" என்றார்.

அழப்போகிறார் என்று நினைத்தேன். கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எஞ்சின்ல ஒண்ணும் இல்லடா. பெட்ரோல் தீந்திருக்கும். டேங்க் காலியானாலும் இதுல முள்ளு பாதியிலதான் நிக்கும். மாமா சொல்லலியா?"

தம்பி நிமிரவில்லை. "சொல்லியிருப்பாருக்கா. நான்தான்..." என்று நிறுத்திக்கொண்டான்.

அக்கா எங்கள் வண்டிக்குப் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்தார். மூடியைத் திருகினார். "கைய நீட்டு" என்று சொல்லி, கரி பிடித்த அந்த விரல்களில் மெல்ல ஊற்றத் தொடங்கினார்.