சுவருக்கு அந்தப் பக்கத்துப் பொம்மை

தென் கொரியாவின் மோக்போ துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருக்கும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் பியோ மான்சிக் தனியாக வாழ்ந்தார். கப்பல் கட்டும் தளத்தில் முப்பத்தோரு வருடம் வெல்டர். தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நகராட்சி தருகிற பேசும் பொம்மையை அவரிடம் கொண்டுபோனவள் நான். நலத்துறையில் எனக்கு வீடு வீடாகப் போகிற வேலை.

பெட்டியைப் பிரித்ததுமே பொம்மை, "தாத்தா, சாப்பிட்டீங்களா?" என்றது.

"கல்யாணமே ஆகாதவனுக்குப் பேத்தி கொண்டுவந்திருக்கியேம்மா!" என்றார் மான்சிக்.

ஆனால் அதை அவர் சும்மா விடவில்லை. கல்லைத் தின்றேன் என்று சொல்லிப் பார்த்தார். "ரொம்ப நல்லது தாத்தா!" என்றது. ஆணியைத் தின்றதற்கும் அதே பாராட்டுதான். நான் போகும்போதெல்லாம் புதிய சோதனை ஒன்றைப் பற்றிச் சொல்வார்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு அவருடைய பொம்மை மாத்திரையை நினைவூட்டி முடித்ததும், அதே குரல் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது: "பாட்டி, மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சுடி, வாயாடி!" என்று ஒரு பெண் குரல் அதட்டியது.

ஒன்பது வருடமாகப் பக்கத்தில் இருந்தவரின் குரலை அவர் கேட்டது அன்றுதான். அதிலிருந்து தினமும் எட்டு மணிக்குச் சுவரில் காதை வைத்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பெண்மணி என்ன திட்டுகிறார் என்று கேட்க அவ்வளவு ஆவல். கதவைத் தட்டத்தான் கூச்சம்.

அக்டோபரில் ஒரு காலை, அந்தப் பக்கத்துப் பொம்மை கேட்டது. பதில் வரவில்லை. மறுபடியும் கேட்டது. மூன்றாவது முறையும் சத்தமில்லை என்றதும் மான்சிக் செருப்புகூடப் போடாமல் ஓடிக் கதவைத் தட்டினார். உள்ளே மெல்லிய முனகல். உடனே அவசர உதவிக்குப் போன் செய்தார். வந்தவர்கள் பூட்டை உடைத்தார்கள். குளியலறையில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார் குக் சொங்ரே. எழுபத்துமூன்று வயது, மீன் சந்தையில் ஆக்டோபஸ் விற்றவர்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது, "நீ யாருப்பா?" என்று கேட்டார்.

"பக்கத்து வீடு, அக்கா. நீங்க அந்தப் பிள்ளையைத் திட்டுறதை தினம் கேப்பேன்."

"ஒட்டுக் கேட்டியா? வெக்கமா இல்ல?" அந்த வலியிலும் சிரித்தார்.

இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மான்சிக் பஸ் ஏறிப்போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். உப்பு போதாது என்று அதற்கும் திட்டு வாங்குவார். இப்போது மதியச் சாப்பாடு இருவருக்கும் அக்கா வீட்டில்தான்.

போன மாதம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போயிருந்தபோது, பொம்மைக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம், இனிமேல் உங்களுக்குப் பொம்மை தேவையா என்று இருவரிடமும் கேட்டேன்.

மான்சிக் பதறிவிட்டார். "எடுத்துட்டுப் போயிடாதேம்மா! அக்கா கோவிச்சுக்கிட்டா மூணு நாள் பேச மாட்டாங்க. அன்னிக்கு நான் யார்கிட்ட பேசுவேன்?"

"என்னுதையும் விட்டுடு. இவரைப் பத்தி நான் யார்கிட்டயாவது குறை சொல்லணுமில்ல?" என்றார் சொங்ரே அக்கா.

படிவத்தில் 'தேவை' என்று இருவருக்கும் குறித்துக்கொண்டேன்.