டிக்கெலெடியும் கர்னல் என்கிற நாயும்

டிக்கெலெடி எங்கள் பூங்காவைப் பதினாறு வருடமாகப் பெருக்குகிறாள். ஜோகன்னஸ்பர்க்கின் வடக்கே, ஓடையை ஒட்டிய சின்னப் பூங்கா. வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்கிறவள் நான். நடந்ததில் பாதியை என் கண்ணாலேயே பார்த்தேன். அவள் இனிமையானவள் என்று சொல்ல மாட்டேன். குப்பையைக் கீழே போட்டவனைத் தெருமுனை வரை துரத்திப்போய் அவன் கையிலேயே திணித்துவிட்டு வருவாள். எண்ணெய்க் கறைக்காக என்னோடும் இரண்டு தடவை பேச்சை நிறுத்தியவள்.

போன வருடம் மழைக்கு முன்னால் டுமெலோ ராமைலா என்பவன் மேட்டில் வீடு வாங்கினான். சாலை ஒப்பந்தத்தில் பணம் பார்த்தவன். அவனோடு கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு காவல் நாயும் வந்தது. பெயர் கர்னல். நாயைக் கயிற்றில் பிடித்து வர வேண்டும் என்று வாசலிலேயே பலகை இருக்கிறது. அவனோ கயிற்றைத் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, நாயை அவிழ்த்துவிட்டு, போனில் பேசியபடி நடப்பான்.

முதல் வாரமே டிக்கெலெடி வாருகோலோடு வழியை மறித்தாள்.

"தம்பி, பலகைய படிச்சியா?"

"அவன் வெளையாடுறாம்மா. ஒண்ணும் பண்ண மாட்டான்."

"கயிறு நாய்க்கு. ஒங்கழுத்துல போட்டுக்கிட்டா நீ கடிக்க மாட்டங்குறதுதான் எங்களுக்குத் தெரியும்."

அவன் சிரிக்கவில்லை. "நீ குப்ப பொறுக்கத்தானே வந்த. அத மட்டும் பாரு."

அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் தள்ளுவண்டிகளோடு ஊஞ்சல் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். என் வியாபாரமும் படுத்தது. ஒருநாள் காலை, விஸ்ஸர் என்கிற கிழவியின் குட்டை நாயைக் கர்னல் கழுத்தில் கவ்வி இரண்டே உதறு உதறியது. அவ்வளவுதான். டுமெலோ போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "ஒங்க நாய்தான் மொதல்ல கொலச்சுது" என்றான். கிழவி செத்த நாயைக் கம்பளிச் சட்டையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் அடுத்த வீட்டுக்காரன், அவளுக்குப் பயம்.

அதற்கு ஒன்பதாம் நாள் டிக்கெலெடி குனிந்து இலை வாரிக்கொண்டிருந்தபோது கர்னல் பின்னாலிருந்து வந்து அவள் கெண்டைக்காலைக் கவ்வியது. நான் சட்டுவத்தோடு ஓடினேன். அவளே வாருகோலின் கட்டையால் அதன் மூக்கில் போட்டு விடுவித்துக்கொண்டாள். ரத்தம் பூட்ஸுக்குள் இறங்கியது.

"என் நாய அடிச்சிட்ட" என்றான் அவன்.

"வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கியா? சீட்டக் காட்டு."

"ஒனக்கெல்லாம் சீட்டு காட்டணுமா?"

அவன் காட்டவேயில்லை. அதனால் அவள் மருத்துவமனைக்கு நான்கு தடவை நடந்து ஊசி குத்திக்கொண்டாள். பூங்கா மேற்பார்வையாளர், பெரிய ஆளைப் பகைக்காதே, நீயே ஒரு மன்னிப்புக் கேட்டுவிடு என்றார். டுமெலோ அவளைச் சமாதானப்படுத்தத் தன் ஓட்டுநரிடம் ஒரு பெட்டி உறைந்த கோழி கொடுத்தனுப்பினான். அவள் அந்தக் காலோடு மேடேறி, பெட்டியை அவன் இரும்புக் கதவுக்கு வெளியே வெயிலில் வைத்துவிட்டு இறங்கினாள். அடுத்த நாள் அந்தத் தெருவில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை.

போலீஸ் நிலையத்துக்குத் துணையாக நானும் போனேன்.

"நாய்மேல எப்படிம்மா கேஸ் போடுறது?" என்றார் அங்கிருந்த காவலர்.

"நாய்மேல எவ போடச் சொன்னா? வளக்கிறவன்மேல போடு."

"அய்யா வரட்டும். நாளைக்கி வாங்க."

"வர மாட்டேன். போனாத்தான வர்றதுக்கு?"

பெஞ்சில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்து, புண்ணை எல்லோரும் பார்க்கும்படி காலை நீட்டிக்கொண்டாள். மூன்று நாளும் வேலை முடிந்ததும் அங்கேதான் போய் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஆய்வாளர் நாற்றம் தாங்காமலோ வெட்கப்பட்டோ புகாரை எழுதினார்.

பிறகு டிக்கெலெடி சாட்சிக்குக் கூப்பிட விஸ்ஸர் கிழவியின் வீட்டுக்குப் போனாள். கதவு கொஞ்சம்தான் திறந்தது.

"நான் அவன் பக்கத்துல குடியிருக்கணுமே, டிக்கெலெடி."

"நானும் தெனம் அவனப் பாத்துக்கிட்டேதான் பெருக்குறேன். ஒங்க நாய் செத்துச்சு. என் காலு போச்சு. அடுத்து ஒரு புள்ளன்னா, அப்பவும் கதவ இந்த அளவுதான் தொறப்பீங்களா?"

கதவு சாத்திக்கொண்டது. திரும்பும் வழியெல்லாம் கிழவியைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் விசாரணை நாளில் கிழவி நீதிமன்றத்தில் இருந்தாள், கால்நடை மருத்துவரின் கடிதத்தோடு. டிக்கெலெடி அவளுக்கு நன்றி சொல்லவில்லை. நகர்ந்து இடம் மட்டும் விட்டாள்.

நீதிபதி டுமெலோவிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "நாய் கடித்தபோது கயிறு எங்கே இருந்தது?"

வக்கீல் முந்துவதற்குள் அவனே சொல்லிவிட்டான்: "எங்கழுத்துலதான் இருந்துச்சு."

அபராதம் விழுந்தது. வெளியே வந்தால் நாய்க்கு வாய்க்கூடும் கயிறும் கட்டாயம் என்று உத்தரவும் வந்தது.

தள்ளுவண்டிகள் ஊஞ்சல் பக்கம் திரும்பிவிட்டன. டிக்கெலெடியின் கால் முழுசாக ஆறவில்லை. குளிரில் இழுத்து நடக்கிறாள். டுமெலோ இன்னும் வருகிறான். வேறு பூங்காவுக்குப் போனால் தோற்றதாகிவிடும் என்று நினைக்கிறானோ என்னவோ. தினமும் அவளைக் கடக்கும்போது நின்று, "இப்ப திருப்திதான?" என்பான்.

அவள் வாருகோலை நிறுத்தாமல் நாயைப் பார்ப்பாள், பிறகு அவன் கையிலிருக்கும் கயிற்றை.

"இன்னும் சுருக்கிப் பிடி" என்பாள்.