படகுக்குக் கட்டிய கல்லுக்கட்டு

எங்கள் வீட்டுக்குப் பாய்மரம் உண்டு என்று சொன்னால் ஹட்டன் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டுமே. முப்பதடிப் படகு, வயதில் என்னைவிட மூத்தது. மலைக்கு நடுவே நீர்த்தேக்கத்தில் நிற்கும் அதில்தான் நானும் என் வீட்டுக்காரரும் வருஷம் முழுக்கக் குடியிருக்கிறோம். அதைக் கொண்டுவந்த வெள்ளைக்காரர் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பியபோது, என்ஜின் பழுதுபார்த்துவந்த இவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நாங்கள் தேயிலைத் தோட்ட வேலையை விட்டதோடு, ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் கையைவிட்டுப் போயிருந்த நேரம் அது. உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, நிமிர்ந்தால் தலையில் இடிக்கும் கூரை. எங்களுக்குப் போதும்.

அக்கரப்பத்தனையில் இருக்கும் என் அண்ணனுக்குத்தான் போதவில்லை. என் தங்கச்சி தவளையோடு குடித்தனம் நடத்துகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஒருநாள் நீங்களாகவே திரும்பி வருவீர்கள் பாருங்கள் என்பார்.

போன வருஷம் வெயில் காலத்தில் தண்ணீர் வற்றி, படகு சேற்றில் உட்கார்ந்து ஒருபக்கம் சாய்ந்தது. இவர் ஜாக்கி வைத்து நிமிர்த்தி, நாலு கம்பு முட்டுக் கொடுத்தால் போதும் என்றார். நான் கேட்பேனா? தேயிலை மலையில் மண் சரியாமல் கல்லுக்கட்டு கட்டிப் பழகிய கை இது. இரண்டு பக்கமும் கல் அடுக்கி, இடுக்கில் களிமண் திணித்து, படகின் விளிம்பின் மேலும் கவிந்து அமுக்குகிற மாதிரி பெரிய பெரிய தலைக்கல்லாக ஏற்றி இறுக்கினேன். நாலு நாள் வேலை. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தண்ணீர் வந்தால் படகு எழும்ப வேண்டுமே என்ற நினைப்பு எனக்கும் வரவில்லை, இவருக்கும் வரவில்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு மழைக்கு நகராமல் நிற்பதுதான் வீடு.

மழை பிடித்து மூன்று நாள் ஓயவில்லை. நாலாம் நாள் விடிந்து பார்த்தால், தண்ணீர் படகின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே நிற்கிறது. படகு எழும்பவேயில்லை. என் கல்லுக்கட்டு அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு சாணும் ஏறிவிட்டால் இருக்கிற ஒரே வீடும் மூழ்கிவிடும்.

அந்த நேரம் பார்த்து, வெள்ளம் என்று கேள்விப்பட்ட அண்ணன் குடையோடு கரையில் வந்து நின்றார்.

"சாமான எடுத்துக்கிட்டு ஏறி வாங்க. எங்க பின்பக்கக் காம்பரா காலியாத்தான் கெடக்கு."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, எல்லாம் என் மேல்தான். கல் நெம்பும் அலவாங்கை எடுத்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினேன். இவர் அடுத்த பக்கம் இறங்கினார். குளிரில் பல் தந்தியடிக்க, ஒவ்வொரு தலைக்கல்லாக நெம்பினேன். பாவி, எவ்வளவு நன்றாகக் கட்டித் தொலைத்திருக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அண்ணன் குடையைக் கரையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து கல்லில் கை வைத்தார். யார் இப்படிக் கட்டியது என்று மூச்சு வாங்கக் கேட்டார். நான்தான் என்றேன். நல்லாத்தான் கட்டியிருக்கிறாய் என்று முறைத்தார்.

கடைசிக் கல் புரண்டதும் படகு ஒரு குலுக்குக் குலுக்கி எழுந்தது. அடித்த அலையில் மூன்று பேரும் முழுகி எழுந்தோம். நானும் இவரும் எட்டிப் பிடித்து ஏறிவிட்டோம். காற்று படகை நடுத்தண்ணீருக்கு இழுத்தது. இவர் நங்கூரத்தைத் தொடவில்லை, சின்னப் பாயை ஏற்றினார். மழைக்குள் அது விறைத்து நின்றதைப் பார்த்து நான் பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

அண்ணன் இடுப்பில் நனைந்த சாரத்தோடு கரையேறி, நாங்கள் விலகிப் போவதைப் பார்த்துக் கத்தினார்.

"தங்கச்சி, எங்க போறீங்க?"

"எங்கயும் போகலண்ணே. வீட்டுலதான் இருக்கோம்."