மொட்டைக் குடும்பத்துக்கு முதல் இடம்

ஊரில் பாதிப்பேர் கம்ப்யூட்டர் படித்துக் கடல் தாண்டிய வருடங்கள் அவை. நானும் கம்ப்யூட்டர் வாங்கினேன், புத்தூரிலேயே உட்கார்ந்தேன். ஓர் இணையக் குழு மாதாமாதம் நடத்திய படக்கதைப் போட்டிக்கு நான் நடுவர். மொத்தம் மூன்று நடுவர்கள்: பெங்களூர்க்காரர் ஒருவர், நியூஜெர்சிக்காரர் ஒருவர், நான். சம்பளம் கிடையாது, கர்வம் உண்டு. மழையில் ஒற்றைக் காக்கையை எவன் வரைந்தாலும் உருகி ஓட்டுப் போட்டுவிடுவேன்.

ஒரு மாதம் என் மனைவியும் படம் அனுப்பினாள்.

"யோவ், உன் ஓட்டு எனக்கு வாணா. முன்னபின்ன தெரியாதவன் ஒருத்தன் பாத்துட்டு சிரிக்கணும். அவ்ளோதான்."

"நான் சிரிச்சா?"

"நீ நம்ம கல்யாணத்துலயே சிரிக்கல."

ஆறு கட்டம், வசனமே இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு தாயும் பிள்ளைகளும், எல்லாரும் மொட்டை. அப்பனைக் காணோம். சுற்றிலும் மொட்டைகள். தாய் ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்த்து, கடைசியில் எவனோ ஒருவனைக் காதைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றுகிறாள். நிஜப் புருஷன் அதே பஸ்ஸில் ஜன்னலோரம் வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறான்.

மலை, கோபுரம், சந்தனம் எதையும் அவள் வரையவில்லை. திருப்பதிப் பக்கத்தில் மொட்டைக்கு விளக்கம் கேட்பவன் யார்?

பெங்களூரும் நியூஜெர்சியும் அதற்கே முதல் இடம் கொடுத்தார்கள். 'புற்றுநோய் வார்டிலிருந்து வந்தவர்கள். கணவனைத் தேடும் அந்தக் கை! அழுதுவிட்டேன்' என்றார் நியூஜெர்சி. 'வேர்க்கடலை நிலையாமையின் குறியீடு' என்றார் பெங்களூர்.

"என்னாய்யா இது, எழவு வீட்ல பேசறா மாதிரி பேசிகினு கீறானுங்க?"

"முதல் எடம்டி. வாயத் தொறக்காத."

கேட்பாளா? என்னைத் தள்ளிவிட்டு, இரண்டு விரலால் தட்டினாள்: 'ஐயா, யாருக்கும் நோய் இல்லை. வேண்டுதல் முடித்து வந்த குடும்பம். பொண்டாட்டி தப்பான ஆளை இழுத்துக்கொண்டு போகிறாள். தயவுசெய்து சிரிக்கவும்.'

 இரண்டு நாள் கழித்துப் பெங்களூர் எழுதினார்: 'அப்படியானால் ஆழம் குறைகிறது.' முதல் இடம் நான் ஓட்டுப் போட்ட காக்கைக்குப் போனது. அன்று எனக்குச் சோறு போட்ட கரண்டியின் சத்தம் தெருவரை கேட்டிருக்கும்.

மறுநாள் நியூஜெர்சி அவளுக்கே தனியாக எழுதியிருந்தார். மகளைப் பார்க்க வந்திருந்த அவருடைய மாமியார் எங்கள் பக்கத்து நாகலாபுரத்துக்காரராம். படத்தைப் பார்த்த அந்த அம்மா சோபாவிலிருந்து சரிந்து சிரித்தாராம். ஒருமுறை அவரே வேறொருத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி வரை போயிருக்கிறாராம். 'அதைக் கேட்டு நானும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். 'ரெண்டு பேரு சிரிச்சிகீறாங்கய்யா!' என்று என் முகத்துக்கு நேரே இரண்டு விரலை ஆட்டிவிட்டுத் தங்கச்சிக்கு போன் போட்டாள்.

"மொதல் பரிசு போச்சுடி!" என்று ஆரம்பித்தாள், குழந்தை பிறந்த சேதி சொல்கிறவள் மாதிரி.