ஒரு ‘உம்’ குறைந்தது

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு அரை மார்க் அக்கா என்று பெயர். டெண்டர் போட்டவர்களுக்கு மதிப்பெண் போடுவதுதான் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. குறைந்த விலை கேட்டவனுக்குக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிற இடமில்லை எங்களுடையது. விலைக்கு நாற்பது மார்க், தரத்துக்கு அறுபது. அந்த அறுபதை அக்கா யாருக்கும் அள்ளிக் கொடுத்ததில்லை. ஒரு பக்கத்துக்கு எண் போடாமல் விட்டால் அரை மார்க் போச்சு. “உங்க வீட்டுக்காரர் எத்தன மார்க்ல தேறினாரு?” என்று கேட்டால், “அது சிங்கிள் டெண்டர்ப்பா, வேற வழியில்ல” என்பார்.

மருத்துவமனை லிஃப்ட் பராமரிப்புக்கு இருவர் போட்டியிட்டார்கள். ஒருவர் இரண்டு ஆட்களை வைத்துத் தொழில் செய்யும் மெக்கானிக். இன்னொன்று பெரிய கம்பெனி. ‘பழுது என்று அழைத்தால்’ என்ற கட்டத்துக்குப் பத்து மார்க். மெக்கானிக் ‘நாற்பது நிமிடம்’ என்று கையால் எழுதியிருந்தார். கம்பெனி ‘24 மணி நேரம்’ என்று அச்சடித்திருந்தது. எந்நேரம் கூப்பிட்டாலும் வருவார்கள் என்று எடுத்துக்கொண்டு அக்கா பத்துக்குப் பத்து போட்டார். மெக்கானிக்குக்கு ஆறு. நானும் கீழே கையெழுத்துப் போட்டேன். கம்பெனி மூன்று மார்க்கில் ஜெயித்தது.

ஒப்பந்தம் போட்ட ஏழாம் மாதம், அறுவை சிகிச்சைக்குப் போன ஒரு பெரியவரோடு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால், “நாளைக்குக் காலைல ஆள் வரும்” என்றார்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாமா என்று யோசிக்கவே முக்கால் மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தபோது பெரியவர் இறந்திருந்தார். விளக்கம் கேட்டதற்குக் கம்பெனி ஒரே வரியில் பதில் எழுதியது: ‘24 மணி நேரத்துக்குள் வருவதாகத்தான் நாங்கள் எழுதிக் கொடுத்தோம்.’

அக்கா ஃபைலை எடுத்துப் பார்த்தார். ‘நேரமும்’ இல்லை. ‘நேரம்’தான்.

அன்று அந்த லிஃப்ட் அவரைப் பிடித்துக்கொண்டது. நான்கு மாடியும் படியேறி வருவார். வேலை பார்த்துக்கொண்டே இருப்பவர், திடீரென்று “லிஃப்ட் மணி அடிக்குதா?” என்று கேட்பார். இல்லை என்றால் நம்பமாட்டார். எங்கள் மேஜைகளுக்கு நடுவே உள்ள காலி இடத்தில் ஸ்ட்ரெச்சர் நிற்பதுபோல் ஒதுங்கிச் சுற்றிப் போவார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் ஒரு மத்தியானம் நானும் சுற்றித்தான் நடந்துகொண்டிருந்தேன். வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

விசாரணை, இயந்திரக் கோளாறு என்று முடிந்தது. “வாயத் திறக்காதீங்கக்கா, வேலையே போயிடும்” என்று சொல்லிவைத்தேன். அவர் வேலை என்று சொன்னேனே தவிர, என் வேலையும் மனசில் இருந்தது.

ஒருநாள் பெரியவரின் மகள் வந்தாள். தையல் கடை வைத்திருக்கிறாளாம். எதை வைத்து அந்தக் கம்பெனிக்குக் கொடுத்தீர்கள், பார்க்கவேண்டும் என்றாள். கம்பெனிக்குப் போட்ட மதிப்பெண் தாளை நகலெடுத்து நானே முந்திக்கொண்டு நீட்டினேன். வரி வரியாகப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடாமல் எழுந்தாள்.

“உக்காரும்மா” என்றார் அக்கா. ‘24 மணி நேரம்’ என்றிருந்த கட்டத்தில் விரலை வைத்தார். “இதுல ‘உம்’ இல்ல. நான் இருக்கறதா படிச்சுட்டேன். எப்பவும் வருவாங்கன்னு நெனச்சேன். அவங்க எழுதினது, வர்றதுக்கு ஒரு நாள் ஆகும்னு.”

அவள் குனிந்து படித்தாள். “நானும் அப்படித்தான் படிச்சேன் மேடம்.”

“நீ மார்க் போடலயேம்மா.”

நான் கண்ணைக் காட்டியும் அக்கா பார்க்கவில்லை. தவறு தன்னுடையது என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தார். அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இன்னொருத்தரும் டெண்டர் கேட்டிருந்தாராமே. அவரு எவ்வளவு நேரத்துல வர்றேன்னு எழுதியிருந்தாரு?”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: “நாற்பது நிமிஷம்.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“லிஃப்ட் ஆபரேட்டரும் உள்ளதான் இருந்தாரு” என்றாள். “அப்பா ஒரு மணி நேரம் பேசிட்டு இருந்தாராம்.”