எட்டாவது ஆட்சேபணை

வக்கீல் சபாபதி அவர்கள் இன்று விடியற்காலையில் காலமானார்.

அவருடைய குமாஸ்தா, கோ தான் என்பவர், மழையில் குடையைக்கூட மடக்காமல் என் வாசலில் வந்து நின்றார். "அக்கா... ஸயா போயிட்டாங்க." பர்மியரான அவர் வக்கீல் ஐயாவை ஸயா, அதாவது ஆசான், என்றுதான் அழைப்பார். 

நமது க்யிம்யிண்டைங் பேட்டைத் தமிழ் வாசகசாலைப் பலகையில் நான் எழுதி ஒட்டும் தாள்களை வாசிக்கும் அன்பர்களே, இதையும் வாசியுங்கள். அவசரத்தில் எழுதுகிறேன்... ஆயினும் பிழை இராது.

அவரை நான் முதன்முதலாகச் சந்தித்தது, என் தம்பி முருகேசன் கைதான வாரத்தில். படகுத்துறையில் மூட்டை தூக்குவோருக்குள் கைகலப்பு. மூட்டைக் கொக்கி குத்தி ஒரு மேஸ்திரி இறந்துபோனார். கொக்கி தன் கையில் இல்லை என்று தம்பி அன்றும் சொன்னான். இன்றும் சொல்கிறான்.

பள்ளிக்கூட வாசலை மிதியாமல், அகராதியைத் துணைகொண்டே இரண்டு பாஷைகள் கற்றவள் நான். ஆகவே நானே ஒரு மனு வரைந்து எடுத்துச் சென்றேன். "கருணாசாகரரும் நீதிபரிபாலன துரந்தரருமாகிய..." என்று தொடங்கும்.

ஐயா ஒரு வரி விடாமல் படித்தார். "ஏம்மா, இவ்வளவு மாலை போட்டா ஜட்ஜ் துரைக்கு மூச்சு முட்டிடும். சண்டை நடந்தப்ப உன் தம்பி எங்கே நின்னான்? அது இதுல எங்கேம்மா இருக்கு?"

அது இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆயினும் வழக்கை அவரிடமே ஒப்படைத்தேன்.

விசாரணைக்கு முன்பு ஜெயிலில் தம்பியை எதிரே நிறுத்திப் பழக்கினார். நானும் உடனிருந்தேன்.

"கையைக் கட்டாதடா. தலையைத் தூக்கு. ஜூரி மூஞ்சியைப் பாரு."

"பெரியவங்க மூஞ்சியை நேருக்கு நேரா எப்படிங்கய்யா..."

"கை கட்டினா நம்மாளுக்கு அது மரியாதை. அங்கே உக்காந்திருக்கிறவனுக்கு நீ குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி. விளங்குதா?"

விளங்கியது என்றான். கூண்டில் ஏறி, நீதிபதி அவன் பக்கம் திரும்பிய கணமே, அவன் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. தலை கவிழ்ந்தது. ஐயா ஒரு நிமிஷம் கண்களை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்...

செஷன்ஸில் ஜூரிமார் ஒன்பது பேர். சீட்டெடுத்துப் பெயர் அழைப்பார்கள். காரணம் கூறாமலே எட்டுப் பேர் வரை வேண்டாமென்று சொல்லும் உரிமை எதிரித் தரப்புக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்ட நம் தரப்புக்கு, உண்டு. அன்று ஐயா ஏழு ஆட்சேபணைகளைச் செலவழித்துவிட்டார். மீதியிருந்தது ஒன்று. மீதியிருந்த நாற்காலியும் ஒன்று.

அதற்கு அழைக்கப்பட்ட பெயர், துபாஷி கந்தசாமிப் பிள்ளை. ஒரு கப்பல் கம்பெனியில் துரைமாருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி. நம் தெருவில் குடியிருப்பவர். அன்று பெயர் வந்தவர்களில் அவர் ஒருவரே தமிழர்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஐயா எழுந்து, அவரை வேண்டாமென்றார்.

அடுத்த சீட்டில் வந்தவர் ஓர் அரிசி ஆலையின் வெள்ளைக்கார மானேஜர். மறுக்க நம்மிடம் ஒன்றும் மிச்சமில்லை.

குற்றவாளி என்று ஆறு பேர். இல்லை என்று மூவர். நீதிபதி ஆறு பேரின் பக்கம் சேர்ந்தார். ஆயுள் சிட்சை. அந்த ஆறில் ஒருவர் குறைந்திருந்தால் புதிய ஜூரி வைத்து மறு விசாரணை நடந்திருக்கும்... ஒரே ஒருவர்.

கோர்ட்டு வராந்தாவில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். "நம்மாளை ஏன் தள்ளினீங்க?"

"நம்மாளுங்கிறதாலதாம்மா. அத்தனை பெரிய மனுஷங்க நடுவுல உக்காந்தா, தான் கூலிக்காரன் கட்சி இல்லேன்னு காட்டுறதுக்கே முதல்ல கை தூக்குவார். இந்த மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

பிறகு கோயில் திருவிழாவில் துபாஷியே என்னை நிறுத்தினார். கையில் சுண்டல் தொன்னை. "என்னை உக்கார விட்டிருந்தா உன் தம்பி இந்நேரம் வீட்டுச் சோறு தின்னுக்கிட்டு இருப்பான், தங்கச்சி. உன் வக்கீலு கெடுத்துப்புட்டாரு."

அப்படியே ஐயா வீட்டுக்கு நடந்தேன். சொன்னேன்.

"சொல்வாரும்மா. வெளியே நிக்கிறவங்க எல்லாருமே விடுதலைதான் குடுப்பாங்க."

வழக்குக் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டு, என்னைப் பாராமல் சொன்னார். "அவர் சொல்றது நெஜமாவும் இருக்கலாம்."

அதற்குப் பின் இன்செயின் ஜெயிலுக்கு நான் போகும் போதெல்லாம் அவரும் ரயிலேறி வந்தார். வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கருணை மனுவைத் தாமே எழுதத் தொடங்கினார். சண்டை நடந்தபோது தம்பி எங்கே நின்றான் என்பதே அதன் முதல் வரி.

போன வாரம் சிரித்துக்கொண்டே கேட்டார். "கடைசியில உன் பூமாலையில ரெண்டு வரி குடும்மா. கருணை கேக்குற இடத்துல அது வேணும்."

இரண்டு வரிகளையும் எழுதி வைத்திருந்தேன். நாளை கொண்டுபோவதாக இருந்தேன்...

இன்று அவர் வீட்டு முற்றத்தில் துபாஷியும் நின்றார். கையைக் கட்டி, தலையைக் கவிழ்த்து. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜெயிலில் பார்வை நாள். கம்பிக்கு அப்பால் முருகேசன் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான். என் பின்னால் எட்டிப் பார்த்து, "ஐயா வரலியாக்கா?" என்று கேட்பான்.

சென்று வாருங்கள், ஐயா.