குதிரைக்காரன் படங்களை எதிலிருந்து தொடங்குவது என்று கேட்ட நாச்சி அக்கா

நாச்சி அக்கா காலமாகிவிட்டார் என்று சொல்ல வந்த ஆஸ்பத்திரி ஆயா பாக்கியத்தை நான் வாசலிலேயே நிறுத்தி விசாரித்தேன். யார் சொன்னார்கள், எந்த வீட்டில், கண்ணால் பார்த்தாயா, கெபாயாச் சட்டையில் என்ன ஊசி குத்தியிருந்தார் என்று கேட்டேன். பாக்கியம் அழுதுகொண்டே, "சாவுச் சேதியக்கூட நம்ப மாட்டீங்களா மிஸ்ஸி? நானே குளிப்பாட்டிட்டுத்தான் வர்றேன். வெள்ளி ஊசி. அதுல ஒரு கல்லு உதிர்ந்து போயிருந்துச்சு" என்றாள். கல் உதிர்ந்த அந்த ஊசி எனக்குத் தெரியும். அதன் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

ஆண்கள் வார்டில் அவரோடு வேலை பார்த்தவர்கள், காஜா பேராங்கில் அவருக்கு அக்கம்பக்கமாக இருந்தவர்கள், படக்கொட்டகையில் அவர் பின்னால் உட்கார்ந்து "கொஞ்சம் சும்மா இரும்மா" என்று அதட்டியவர்கள் எல்லாரும் இதைப் படிப்பீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு நான் ஒரு சந்தேகப் பிராணி என்பதும் தெரியும். அதை மறைத்துவிட்டு அக்காவைப் பற்றி எழுத முடியாது. எங்கள் சிநேகமே சந்தேகத்தில்தான் தொடங்கியது.

நான் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, சேர்ந்த சமயம் அவசரகாலம்; வெள்ளைக்காரனை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போகிறது என்று சொல்லி, மதியச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போனவரையே எங்கள் தோட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். யாரோடு பேசுகிறோம், என்ன பேசுகிறோம் என்று பார்த்துப் பேசு என்று சொல்லித்தான் அப்பா என்னை பஸ் ஏற்றினார். வார்டில் எனக்கு மூத்தவர் நாச்சி அக்கா. கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய செட்டி வம்சம். வீட்டில் அவர்கள் பேசுவது ஒரு தனி மலாய், அதில் அங்கங்கே நம் வார்த்தை எட்டிப் பார்க்கும். ஆனால் அக்கா மட்டும் தோட்டத்து ஆட்களைப் போலவே தமிழ் பேசினார். அதுவே எனக்கு உறுத்தியது.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் காலை, ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்த அக்கா, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து அவர் காதோரம் கேட்டார்.

"அண்ணே, குதிரைக்காரன் படம் பாக்கணும்னா எதுல இருந்து ஆரம்பிக்கணும்?"

குதிரைக்காரன் என்றால் அமெரிக்கக் கௌபாய் நடிகன் ஒருவன். அவனுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது. தொப்பி, துப்பாக்கி, வெள்ளைக் குதிரை, இதுதான் அடையாளம். ஜப்பான் சண்டைக்கு முன்னாலிருந்தே அவன் படங்கள் வந்துகொண்டிருந்தன. நோயாளி விழித்தார். "எனக்குப் படமே பழக்கமில்ல மிஸ்ஸி" என்றார். அக்கா தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் இன்னொருவரிடம் அதே கேள்வி, அதே தணிந்த குரல். அவர், "ரயிலக் கொள்ளையடிக்கிற படம்தான் நல்லா இருக்கும்பாங்க. ஆனா ரயில் படம் மட்டும் எனக்கு வேணாம் மிஸ்ஸி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு மூக்கில் வேர்த்தது. எல்லா நோயாளியிடமும் அக்கா இதைக் கேட்கவில்லை. ஆள் பார்த்துக் கேட்டார். கேட்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முழங்காலுக்குக் கீழே பழைய புண்ணின் தழும்பு இருந்தது. இது காட்டுக்காரர்களின் சங்கேதம், சரியான பதில் சொல்கிறவன் அவர்கள் ஆள் என்று நான் முடிவு கட்டினேன். அந்தக் காலத்தில் வேறு என்ன நினைப்பது? என் இடத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒட்டி நின்று உளவு பார்ப்பது என்று தீர்மானித்தேன். "அக்கா, என்னையும் படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்களேன்" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். கொட்டகை வாசலில் கச்சான் கடலைப் பொட்டலம் வாங்கினார். படம் தொடங்கியதும் வாய் ஓயவில்லை. "பாரு சரோ, இப்ப தொப்பிய இறக்குவான். இறக்கினா சுடப் போறான்னு அர்த்தம். ஐயோ, பின்னால பாருடா, பின்னால!" என்று திரையிலிருப்பவனுக்கே புத்தி சொன்னார். நானோ திரையைப் பார்க்காமல், யாராவது வந்து அக்காவின் கையில் எதையாவது கொடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சான் தோலைத் தவிர அவர் கையில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் வேண்டுமென்றே கேட்டேன். "அக்கா, நான் புதுசு. இவன் படத்த எதுல இருந்து பாக்க ஆரம்பிக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. "அத மட்டும் எங்கிட்ட கேக்காத. நீயா பாத்துத் தெரிஞ்சுக்க லா" என்றார்.

ஊரிலுள்ள ஆண்பிள்ளைகளிடமெல்லாம் கேட்கிற கேள்விக்குத் தன் பதிலை மட்டும் சொல்ல மாட்டாராம். பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை, பாம்பென்று தாண்டவும் முடியவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். இவர் மட்டும் கெட்டவராக இருந்துவிடக் கூடாதே என்று கும்பிடாத சாமி இல்லை.

சுதந்திரம் எந்த நாளில் என்று அறிவிக்க பண்டார் ஹிலிர் திடலில் கூட்டம் கூடியபோது நாங்களும் போனோம். அத்தனை சனமும் மேடையைப் பார்த்து முழங்கியது. அக்கா மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டி நின்று, வருகிற போகிற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆற்றங்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேவிட்டேன்.

"யாரத் தேடுறீங்க? எந்த ஆளு வரப்போறான்? எங்கிட்ட மறைக்காதீங்க. எனக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"குதிரைக்காரன் சங்கேதம். காட்டுக்காரங்களோட உங்களுக்கு என்ன சகவாசம்?"

அக்கா என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை.

"என் புருசனத் தேடுறேன், சரோ" என்றார்.

அவர் கணவர் தங்கராஜு பிள்ளை, ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர். அக்காவுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவரும் குதிரைக்காரன் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவரும் அவர்தான். ஜப்பான்காரன் சயாமுக்குத் தண்டவாளம் போட ஆள் பிடித்தபோது, தோட்டத்து ஆட்களோடு அவரையும் லாரியில் ஏற்றிவிட்டான். அதோடு சேதியில்லை. சண்டை முடிந்ததும் ஒருவன் வந்து, "உங்க புருசன் சயாம்ல உசுரோட இருக்காரு, கண்ணால பாத்தேன்" என்று சொல்லி, வீட்டில் ஒரு மாதம் விருந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அவன் சயாமுக்கே போகவில்லை என்று பிறகு தெரிந்தது. இன்னொருவன் வந்து, என் மடியில்தான் உயிர் போனது என்று அழுதான். ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டால் குள்ளமாம். அவர் வாசல் இடிக்கிற உயரம்.

"பேரச் சொல்லிக் கேட்டா எல்லாரும் தெரியும்பாங்க. அதான் பேரச் சொல்றதில்ல. குதிரைக்காரனப் பத்திப் பேசாம அவரால ஒரு நாள் இருக்க முடியாது. சயாம்ல பக்கத்துல படுத்தவங்கிட்டயும் சொல்லியிருப்பாரு, எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு. அவரு சொல்ற பதில உலகத்துல வேற யாரும் சொல்ல மாட்டாங்க. அதச் சொல்றவன்தான் அவரப் பாத்தவன்."

தண்டவாளம் போட்டு மீண்டவர்கள் காலில் அந்தப் புண் தழும்பு இருக்கும். அதனால்தான் காலைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். அது சங்கேதம் என்ற என் கணக்கு சரிதான், தேடிய ஆள்தான் வேறு.

இதில் அவருக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. போகியன்று கம்போங் செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்கு வாழையிலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பார்கள். பார்ச்சு என்பது அதன் பெயர். ஒவ்வொரு போகிக்கும் மாமியார் அழுவாராம், "என் மகன் எத்தன வருசமா பசியோட நிக்கிறானோ" என்று. அக்கா மறுப்பார். "செத்திருந்தா எல போடாம பட்டினி போடுறேன். உசுரோட இருந்து எல போட்டா நானே கொன்ன மாதிரி. நீயே சொல்லு, நான் என்ன செய்ய?" என்று என்னிடம் கேட்டார்.

கேட்டதையெல்லாம் நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறுநாளே ஆயா பாக்கியத்திடம் மெல்ல விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அதன் பிறகு காலில் தழும்போடு யார் வந்தாலும் முதலில் அக்காவைக் கூப்பிடுகிறவள் நானாகிவிட்டேன்.

சுதந்திரம் வந்த மறு வருடம், காளிமுத்து என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பழைய புண் மறுபடி வெடித்திருந்தது. அக்கா கட்டு மாற்றும்போது வழக்கம் போலக் கேட்டார். எத்தனையோ பேரிடம் கேட்டுக் கேட்டு, சும்மா வாய் சொல்கிற மாதிரி ஆகிவிட்ட கேள்வி. காளிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"குதிரையில்லாத படத்துல இருந்து ஆரம்பிக்கணும் மிஸ்ஸி."

அக்காவின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. நான் குறுக்கே புகுந்தேன். என் குணம் அது. "யார் சொன்னா உங்களுக்கு? எப்ப சொன்னா? வார்டுல யாராச்சும் பேசிக்கிட்டத கேட்டீங்களா?" என்று அதட்டினேன்.

"இல்லம்மா. சயாம்ல எங்க டிரெஸ்ஸரு சொல்லுவாரு. குதிர செத்துப் போயி, அவன் பாலைவனத்துல கடைசி வரைக்கும் நடந்தே போவானாம். அதப் பாத்தாத்தான் அவன் மூஞ்சியப் பாப்பீங்க, மத்ததுலல்லாம் குதிரையத்தான் பாப்பீங்கம்பாரு. எங்கள நடத்தியே கூட்டிக்கிட்டுப் போனானுங்க. யாராச்சும் விழுந்தா டிரெஸ்ஸரு வந்து, 'படத்துல அவனும் விழுவான்யா, அப்புறம் எந்திரிச்சிருவான், நீயும் எந்திரி'ன்னு தூக்கி விடுவாரு."

"குள்ளமான ஆளுதானே?" என்று பொறி வைத்தேன்.

"எங்க குள்ளம்? நாங்க படுக்கிற கொட்டகையில குனிஞ்சுதான் நுழைவாரு. அவரு சம்சாரம் மட்டும் இத ஒத்துக்காதாம். குதிரையில்லாட்டி அவன் எதுக்குன்னு சண்ட போடுமாம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

புருஷன் பெண்டாட்டி போட்ட அந்தச் சண்டை அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. அதற்கு மேல் என்னால் சந்தேகப்பட முடியவில்லை. முயன்றேன், முடியவில்லை. அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அவரு விழுந்தாரா?"

காளிமுத்து அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். யாரென்று புரிந்துவிட்டது. கை கூப்பினார். "காலரா தாயி. அவரு விழுந்தப்ப நானும் அதையே சொன்னேன். அவனும் எந்திரிப்பான், நீங்களும் எந்திரிங்க டிரெஸ்ஸர்னு சொன்னேன். எந்திரிக்கல."

அக்கா கீழே விழுந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, வேறு பஞ்சு எடுத்து, கட்டை முழுவதுமாகக் கட்டி முடித்தார். பிறகுதான் வார்டை விட்டு வெளியே போனார்.

அந்தக் குதிரையில்லாத படத்தை அக்கா அதுவரை பார்த்ததே இல்லை. கணவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் பிடிவாதமாகப் போகவில்லையாம். பழைய படங்களைத் திரும்பப் போடுகிற கொட்டகை ஒன்றில் அது வந்தபோது என்னை அழைத்துக்கொண்டு போனார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். திரையில் அவன் விழுந்தான், எழுந்தான், நடந்தான். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. வெளியே வந்து வெயிலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னார்.

"அவரு சொன்னது தப்பு, சரோ. குதிரையோட இருக்கிறதுதான் மொதல்ல பாக்கணும். அவன் நல்லா இருந்ததப் பாத்தாத்தானே, அவன் நடக்கிறப்ப நமக்கு வயிறு எரியும்?"

பல வருடங்களாக எனக்குச் சொல்லாத பதிலை அன்றுதான் சொன்னார். செத்தவரோடு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த போகிக்கு அந்த வீட்டில் தங்கராஜு பிள்ளைக்கு முதல் இலை விழுந்தது. சோறு, மீன் குழம்பு, பழம் எல்லாம் மாமியார் வைத்தார். அக்கா தன் பங்குக்கு இலை ஓரத்தில் ஒரு கச்சான் பொட்டலம் வைத்தார். இறந்தவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் பேசாமல் காத்திருந்தோம். நான் கூட அந்த நேரம் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

வருகிற போகிக்கு அக்காவுக்கும் இலை போடுவார்கள். என்ன பிடிக்கும் என்று அவர் நாத்தனார் ஆள் விட்டுக் கேட்டார். இரண்டு இலைக்கும் நடுவில் கச்சானை வைக்கச் சொல்லியிருக்கிறேன். படத்தில் எதிலிருந்து தொடங்குவது என்று அவர்கள் இருவரும் இனி நேரிலேயே அடித்துக்கொள்ளட்டும்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். கல்யாணமான புதிதில், என் வீட்டுக்காரரை உட்கார வைத்து ஒரு கேள்வியும் அதற்கொரு பதிலும் பேசி வைத்துக்கொண்டேன். "நமக்கென்ன, இப்பதான் சண்ட இல்லயே" என்று சிரித்தார். நான் விடவில்லை. உலகத்தை நம்பச் சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டிருக்கட்டும். நாளைக்கு எங்களில் ஒருவர் எங்காவது காணாமல் போனால், தேடுகிறவர் கேட்க ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்வியை இங்கே எழுத மாட்டேன். உங்கள் மேல் சந்தேகம் என்று இல்லை. ஆனாலும் எழுத மாட்டேன்.